அரண்டவன் கண்

2011ஆம் ஆண்டு. நான் இன்ஜினியரிங் கடைசி வருடம். சங்கரன்கோவிலில் என் பெரியப்பா ஒரு டிடிபி சென்டர் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், தேர்தல் வந்தால் துண்டுப் பிரசுரம். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு லேசர் பிரிண்டர், பேஜ்மேக்கர். அவர் கை பழகியிருந்தது பழைய தமிழ் எழுத்துருக்களில். வாடிக்கையாளர்களோ அதற்குள் யூனிகோடு தமிழில் மெயில் அனுப்ப ஆரம்பித்திருந்தார்கள். அதை எடுத்து பேஜ்மேக்கரில் ஒட்டினால் வரிசையாகக் கேள்விக்குறிகள் வரும். பெரியப்பா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி டைப் அடிப்பார்.

பொங்கல் விடுமுறையில் அவருக்காக ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். யூனிகோடு தமிழைக் காப்பி செய்துவிட்டு ஒரு பட்டனை அழுத்தினால் பழைய எழுத்துருவுக்கு மாறிவிடும். நான் எழுதியதில் இன்னொரு மனிதருக்கு உபயோகப்பட்ட முதல் மென்பொருள் அதுதான். பெரியப்பா கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் காட்டினார். “நம்ம பய செஞ்சது” என்றார்.

மூன்று வாரம் கழித்து ஹாஸ்டலுக்கு போன் வந்தது.

“ஏல, ஒன் புரோகிராமுல வைரஸ் இருக்காம்லா? செவப்பா கட்டம் போட்டு காட்டுது.”

“இல்ல பெரியப்பா, அது தப்பா சொல்லுது.”

“அது எப்படிடே தப்பா சொல்லும்? காசு கொடுத்துல்லா வாங்கிப் போட்டிருக்கேன்.”

அந்த ஆன்ட்டி வைரஸின் பெயர் இங்கே வேண்டாம். எது இருந்தாலும் அதைத்தான் செய்திருக்கும். என் புரோகிராம் விசைப்பலகையைக் கவனித்துக்கொண்டே இருந்தது, அந்த ஒற்றைப் பட்டன் எப்போது அழுத்தப்படும் என்று தெரிந்துகொள்ள. பாஸ்வேர்டு திருடும் நிரல்களும் அதையேதான் செய்கின்றன. போதாததற்கு, மெயிலில் அனுப்ப வசதியாக இருக்கட்டும் என்று ஒரு பேக்கர் வைத்து அதைச் சுருக்கியிருந்தேன். வைரஸ் எழுதுகிறவர்களும் தங்கள் சரக்கை ஒளித்துவைக்கச் சுருக்குகிறார்கள். ஆள் நல்லவன்தான், ஆனால் நடு ராத்திரியில் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு தெருவில் போனால் போலீஸ்காரர் என்ன செய்வார்?

அன்றைக்கு நான் பெரியப்பாவிடம் ஒரு யோசனை சொன்னேன். அதற்குக் கடைசியில் வருகிறேன். இந்தப் பொய் எச்சரிக்கை என்பது எங்கிருந்து வந்தது, ஏன் இன்னும் தீரவில்லை என்பதை முதலில் பார்த்துவிடலாம். என் தொழிலில் இதை ‘ஃபால்ஸ் பாசிட்டிவ்’ என்கிறோம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று ஊரில் சொல்வது இதைத்தான்.

*

பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘அங்க அடையாளங்கள்’ என்று ஓர் இடம் உண்டு. இடது கன்னத்தில் ஒரு மச்சம், வலது முழங்கையில் ஒரு தழும்பு என்று பள்ளிக்கூடத்தில் எழுதிக்கொடுப்பார்கள். முதல் வைரஸ் ஸ்கேனர்கள் வேலை செய்தது ஏறக்குறைய அப்படித்தான்.

1986இல் லாகூரைச் சேர்ந்த பாசித், அம்ஜத் ஃபரூக் ஆல்வி என்ற சகோதரர்கள் எழுதிய ‘பிரெய்ன்’ என்ற வைரஸ் ஃப்ளாப்பி டிஸ்க்குகள் வழியாக உலகம் சுற்றியது. ஐபிஎம் பிசிக்களுக்கு வந்த முதல் வைரஸ் அது. அதற்குள்ளேயே அவர்களுடைய பெயரும் கடை முகவரியும் தொலைபேசி எண்ணும் இருந்தன. விசிட்டிங் கார்டோடு வந்த திருடன். இவனைப் பிடிப்பதில் என்ன சிரமம்?

அடுத்தடுத்து வந்தவர்கள் முகவரி தரவில்லை. ஆனாலும் ஒவ்வொரு வைரஸுக்குள்ளும் மாறாத ஒரு பைட் வரிசை இருந்தது. ஆன்ட்டி வைரஸ் எழுதுகிறவர் அதைப் பிரித்துப் பார்த்து, பதினாறு பைட் போல ஒரு துண்டை வெட்டி எடுத்துப் பட்டியலில் சேர்ப்பார். அதுதான் மச்சம். தொழிலில் இதற்கு ‘சிக்னேச்சர்’ என்று பெயர். ஸ்கேனர் வட்டில் உள்ள ஒவ்வொரு கோப்பையும் திறந்து அந்தத் துண்டு இருக்கிறதா என்று பார்க்கும்.

பதினாறு பைட் என்றால் எத்தனை விதமாக அமையலாம்? 3-க்குப் பின்னால் 38 இலக்கங்கள் வருகிற எண் அது. தற்செயலாக இரண்டு கோப்புகளில் ஒரே வரிசை வர வாய்ப்பே இல்லை என்று தோன்றும். கணக்கு சரி. ஆனால் புரோகிராம்கள் தற்செயலாக உருவாவதில்லை. வைரஸ் எழுதுகிறவரும் வங்கிக்கு மென்பொருள் எழுதுகிறவரும் ஒரே கம்பைலரைத்தான் பயன்படுத்துகிறார்கள். கம்பைலர் இருவருக்கும் ஒரே மாதிரியான துணைநிரல்களைச் சேர்த்துவிடுகிறது. வெட்டி எடுத்த துண்டு அந்தப் பொதுப்பகுதியில் இருந்து வந்துவிட்டால், அதே கம்பைலரில் பிறந்த அத்தனை பேரும் குற்றவாளிகள். மச்சம் என்று நினைத்து எழுதிக்கொண்டது பள்ளிக்கூட யூனிஃபார்மை.

இன்னொரு வேடிக்கையும் அந்தக் காலத்தில் நடந்தது. சென்ட்ரல் பாயிண்ட் என்ற நிறுவனத்தின் ஆன்ட்டி வைரஸும், அதிலிருந்து பிறந்து 1993இல் எம்எஸ்-டாஸ் 6உடன் வந்த மைக்ரோசாஃப்டின் ஆன்ட்டி வைரஸும் தங்கள் சிக்னேச்சர் பட்டியலை மறைக்காமல் அப்படியே நினைவகத்தில் விட்டுவைத்தன. பிறகு வேறொரு ஸ்கேனரை ஓட்டினால் அது நினைவகத்தைப் பார்த்துவிட்டு அலறும், இங்கே நூற்றுக்கணக்கான வைரஸ்கள் இருக்கின்றன என்று. ஸ்டேஷனில் ஒட்டியிருக்கும் ‘தேடப்படும் குற்றவாளிகள்’ போட்டோக்களைப் பார்த்துவிட்டு, ஸ்டேஷனே திருடர்கள் கையில் போய்விட்டது என்று இன்னொரு ஸ்டேஷன்காரர் புகார் எழுதியது போல.

*

இதையெல்லாம் ஆரம்பகாலக் கோளாறுகள், கவனமாக எழுதினால் சரியாகிவிடும் என்று நினைக்கலாம். ஆகாது. அதற்கு ஒரு நிரூபணமே இருக்கிறது. முதல் வணிக ஆன்ட்டி வைரஸ் கடைக்கு வருவதற்கு முன்பே அது வந்துவிட்டது.

1983 நவம்பரில் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த ஃபிரெட் கோஹன், யூனிக்ஸ் ஓடும் ஒரு வாக்ஸ் 11/750 கணினியில் தானாகப் பரவும் ஒரு நிரலைச் சோதித்தார். ஐந்து முறை முயன்றார். ஐந்து முறையும் ஒரு மணி நேரத்துக்குள் கணினியின் முழு அதிகாரமும் அவர் கைக்கு வந்தது. அவருடைய ஆசிரியர் லெனார்ட் ஏடில்மேன் அதற்கு ‘வைரஸ்’ என்று பெயர் வைத்தார். இன்று ஆர்எஸ்ஏ என்று நாம் சொல்லும் மறைகுறியாக்கத்தில் ‘ஏ’ என்பது இவர்தான். பல்கலைக்கழக நிர்வாகம் பயந்துபோய் மேற்கொண்டு சோதனை வேண்டாம் என்று நிறுத்திவிட்டது. கோஹன் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

1984இல் வெளியிட்ட கட்டுரையில் அவர் கேட்ட கேள்வி இது: எந்த நிரலைக் கொடுத்தாலும் இது வைரஸா இல்லையா என்று தப்பே இல்லாமல் சொல்லும் ஒரு கருவி சாத்தியமா? அப்படி ஒரு கருவி இருப்பதாக வைத்துக்கொள்வோம். நான் ஒரு நிரல் எழுதுகிறேன். அது முதலில் அந்தக் கருவியைக் கூப்பிட்டு, ‘நான் வைரஸா?’ என்று தன்னைப் பற்றியே கேட்கும். ‘ஆமாம்’ என்று பதில் வந்தால் ஒன்றும் செய்யாமல் சும்மா இருக்கும். ‘இல்லை’ என்று வந்தால் பரவ ஆரம்பிக்கும். கருவி என்ன சொன்னாலும் தப்பு. ஆகவே அப்படி ஒரு கருவி இருக்க முடியாது.

நாற்பது வருடமாக இந்தத் துறை இந்த நிரூபணத்தின் மேல்தான் வீடு கட்டிக் குடியிருக்கிறது. ஒரு வைரஸையும் தவறவிடாத ஸ்கேனரை நான் இப்போதே எழுதித் தருவேன், எதைக் காட்டினாலும் ‘வைரஸ்’ என்று சொன்னால் போதும். ஒரு பொய் எச்சரிக்கையும் தராத ஸ்கேனர் அதைவிடச் சுலபம், வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். விற்பனைக்கு வருகிற ஒவ்வொரு ஸ்கேனரும் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ நிற்கிறது. எங்கே நிற்பது என்பது கணிதம் சொல்லும் விடை கிடையாது. யாரோ ஒருவர் மேஜையில் உட்கார்ந்து எடுக்கும் முடிவு.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்த முடிவு கடினமானது. 1990இல் மார்க் வாஷ்பர்ன் என்ற அமெரிக்கர் எழுதிய ‘1260’ என்ற வைரஸ், ஒவ்வொரு முறை பரவும்போதும் தன் உருவத்தை மாற்றிக்கொண்டது. பிறகு பல்கேரியாவில் ‘டார்க் அவெஞ்சர்’ என்ற புனைபெயரில் எழுதிய ஒருவர், எந்த வைரஸுக்கும் இந்த மாறுவேடத்தைப் போட்டுவிடும் ஓர் எந்திரத்தையே வெளியிட்டார். மச்சம் பார்த்துப் பிடிக்கும் முறை அதோடு போதாமல் ஆகிவிட்டது. உருவத்தை விட்டுவிட்டு நடத்தையைப் பார்க்க ஆரம்பித்தார்கள். இந்த நிரல் வேறு நிரல்களைத் திருத்தப் பார்க்கிறதா, விசைப்பலகையைக் கவனிக்கிறதா, தன்னைச் சுருக்கி ஒளித்து வைத்திருக்கிறதா? ஒவ்வொன்றுக்கும் இத்தனை மதிப்பெண். கூட்டுத்தொகை ஓர் அளவைத் தாண்டினால் சிவப்புக் கட்டம். அறிந்த குற்றவாளியைத் தேடுவதிலிருந்து, குற்றவாளி மாதிரி இருப்பவனைத் தேடுவதற்குத் தொழில் நகர்ந்தது. என் பொங்கல் விடுமுறைப் புரோகிராம் மாட்டியது அந்த வலையில்.

*

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு அலுவலகத்தின் கணினிகளில் மொத்தம் 1,00,000 கோப்புகள். அவற்றில் 10 வைரஸ். நம் ஸ்கேனர் வைரஸைக் கண்டால் 100க்கு 99 முறை பிடித்துவிடும். நல்ல கோப்பைத் தப்பாகப் பிடிப்பது 1,000க்கு ஒரு முறைதான். கேட்பதற்கு அபாரமான கருவியாகத் தெரிகிறது. ஓட்டிப் பார்த்தால்? வைரஸ் 10ஐயும் அநேகமாகப் பிடித்துவிடும். மீதி 99,990 நல்ல கோப்புகளில் 100ஐயும் சேர்த்துப் பிடிக்கும். ஆக 110 எச்சரிக்கைகள், அதில் 10தான் உண்மை. பதினொரு முறை மணி அடித்தால் ஒரு முறைதான் திருடன்.

ஸ்கேனர் மோசமானது என்பதால் இப்படி ஆகவில்லை. உலகத்தில் நல்ல கோப்புகள் மிக அதிகம், கெட்டவை மிகக் குறைவு. தேடுகிற பொருள் அரிதாக இருந்தால், ரொம்பச் சின்ன தவறு விகிதம்கூட உண்மையை மூழ்கடித்துவிடும். ஸ்வீடனைச் சேர்ந்த ஸ்டெஃபான் ஆக்செல்சன் 1999இல் எழுதிய கட்டுரை ஒன்றில், நெட்வொர்க் ஊடுருவலைக் கண்டறியும் அமைப்புகளுக்கு இந்தக் கணக்கைப் பொருத்திக் காட்டினார். எத்தனை திருடனைப் பிடிக்கிறது என்பதைவிட, எத்தனை முறை வீணாக மணி அடிக்கிறது என்பதுதான் அப்படி ஓர் அமைப்பு உருப்படுமா என்பதைத் தீர்மானிக்கும் என்றார். இருபத்தைந்து வருடம் ஆகிறது. இன்றும் விற்பனைக்கு வருகிறவர்கள் எங்களிடம் முதல் ஸ்லைடில் காட்டுவது எத்தனை சதவீதம் பிடிக்கிறது என்பதைத்தான்.

*

மணி அடிப்பதோடு நின்றால் காதைப் பொத்திக்கொள்ளலாம். ஆன்ட்டி வைரஸுக்குக் கையும் உண்டு. சந்தேகப்பட்டதை எடுத்து அறையில் பூட்டிவிடும்.

2007 மே 18. சீனாவில் சைமன்டெக் நிறுவனத்தின் நார்ட்டன் ஆன்ட்டி வைரஸ் ஒரு புதிய பட்டியலைப் பெற்றது. எளிய சீன எழுத்தில் வந்த விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டு அடிப்படைக் கோப்புகளைப் பார்த்து, இது ‘ஹேக்ஸ்டோர்’ என்ற ட்ரோஜன் என்று முடிவுகட்டிப் பூட்டிவைத்தது. கணினியை அணைத்துப் போட்டவர்களுக்கு நீலத்திரைதான் வந்தது. ஆங்கில விண்டோஸில் ஒன்றும் ஆகவில்லை. சைமன்டெக் பிறகு சீன வாடிக்கையாளர்களுக்கு ஒரு வருடச் சந்தாவை நீட்டித்துக் கொடுத்தது. இந்தச் சம்பவத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். ஸ்கேனருக்கு எது நல்லது என்று கற்றுக்கொடுப்பவர்கள் தங்கள் கைக்கு எட்டியதைக் காட்டித்தான் கற்றுக்கொடுக்கிறார்கள். தூரத்து மொழியில் இருப்பது நல்லதாகவே இருந்தாலும் அந்நியம்தான்.

மூன்று வருடம் கழித்து ஆங்கிலத்துக்கும் அந்த முறை வந்தது. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்கஃபி நிறுவனம் 5958 என்ற எண்ணிட்ட பட்டியலை வெளியிட்டது. விண்டோஸின் உள்வேலைகள் பலவும் நடப்பது எஸ்விசிஹோஸ்ட் என்ற ஒரு கோப்பின் வழியாக. கல்யாண வீட்டில் சமையல், பந்தி, வரவேற்பு எல்லாவற்றையும் இழுத்துப்போட்டுச் செய்யும் ஒரு மாமா இருப்பாரே, அந்த மாதிரி. புதிய பட்டியல், விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 3இல் இருந்த அந்த மாமாவைப் பார்த்து வைரஸ் என்றது. அவரைப் பூட்டியதும் நெட்வொர்க் போயிற்று. கணினி தானாக அணைந்து, தானாக எழுந்து, மறுபடி அணைந்தது. நெட்வொர்க் இல்லாததால் திருத்தப்பட்ட பட்டியலை அனுப்பவும் வழியில்லை. யாராவது ஒவ்வொரு மேஜையாகப் போய்க் கையால் சரிசெய்ய வேண்டியிருந்தது.

அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் சில மருத்துவமனைகள் அவசரமில்லாத அறுவை சிகிச்சைகளைத் தள்ளிவைத்தன. பெரிய காயத்தோடு வந்தவர்களைத் தவிர மற்றவர்களை அவசரப் பிரிவிலிருந்து திருப்பி அனுப்பின. கென்டக்கியில் போலீஸ் ரோந்து வண்டிகளில் இருந்த கணினிகளை அணைத்துவைக்கச் சொன்னார்கள். ஆஸ்திரேலியாவில் கோல்ஸ் சூப்பர் மார்க்கெட்டின் பணப்பெட்டிகள் நின்றுபோய்ச் சில கடைகளைப் பூட்டினார்கள். அன்றைக்கு இந்த இடங்களில் எல்லாம் வைரஸ் எதுவும் வரவில்லை. மருந்து மட்டும்தான் வந்தது. உலகத்தில் அப்போது மிகப் பரவலாக இருந்த எக்ஸ்பி பதிப்பு தங்கள் சோதனை அமைப்பில் விடுபட்டிருந்ததாக மெக்கஃபி ஒப்புக்கொண்டது.

யாரும் விதிவிலக்கில்லை. 2009 ஜனவரி 31 அன்று கூகுள் வைத்திருந்த ஆபத்தான தளங்களின் பட்டியலில் கைத்தவறுதலாக ஒரு சாய்கோடு மட்டும் தனியாக ஏறிவிட்டது. எல்லா இணைய முகவரியிலும் சாய்கோடு உண்டு. ஆகவே ஏறத்தாழ ஒரு மணி நேரம், கூகுள் தேடலில் வந்த ஒவ்வொரு தளத்தின் கீழும் ‘இது உங்கள் கணினிக்குத் தீங்கு செய்யலாம்’ என்ற வரி வந்தது. 2011இல் மைக்ரோசாஃப்டின் பாதுகாப்பு மென்பொருள் கூகுள் குரோமை வங்கித் திருட்டு நிரல் என்று சொல்லி நீக்கியது. 2012 செப்டம்பரில் சோஃபோஸ் தன்னுடைய அப்டேட் கருவியையே வைரஸ் என்று பிடித்தது. தப்பைத் திருத்தும் அப்டேட் வந்து சேர வேண்டிய வாசலைத் தானே பூட்டிக்கொண்டது. உடலின் நோய் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்கள் உண்டு என்று டாக்டர்கள் சொல்வார்கள். வைரஸ் என்ற உவமையை இந்தத் துறை மருத்துவத்திடமிருந்து கடன் வாங்கியபோது இந்த நோயும் கூடவே வந்துவிட்டது போல.

ஒருவர் அலறினால் மற்றவர்களும் சேர்ந்து அலறுவது இன்னொரு வியாதி. 2010இல் காஸ்பர்ஸ்கி நிறுவனம் ஒரு சோதனை செய்தது. ஒரு தீங்கும் செய்யாத 20 கோப்புகளை உருவாக்கி, அவற்றில் 10ஐ மட்டும் தன் ஸ்கேனர் வைரஸ் என்று சொல்லும்படி வேண்டுமென்றே மாற்றி வைத்தது. பிறகு எல்லாவற்றையும் வைரஸ்டோட்டலில் ஏற்றியது. பல நிறுவனங்களின் ஸ்கேனர்களிடம் ஒரே நேரத்தில் கருத்துக் கேட்கும் தளம் அது. பத்து நாளில் வேறு 14 நிறுவனங்கள் வரை அந்தப் பொய்யைத் தங்கள் பட்டியலில் சேர்த்துக்கொண்டன. யாரும் கோப்பைத் திறந்து பார்க்கவில்லை. பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுதியவனின் விடைத்தாளில் பக்கத்து பெஞ்சின் தப்பும் இருக்கும்.

*

இதுவரை சொன்னதெல்லாம் உடைந்த கணினிகள். அவை ஒரு வாரத்தில் சரியாகிவிட்டன. சரியாகாத ஒன்று உண்டு. ‘புலி வருது’ கதையில் அந்தப் பையன் விளையாட்டுக்குப் பொய் சொன்னான் என்று நமக்குச் சொல்லித்தந்தார்கள். இங்கே பையன் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் புதர் அசைவதைப் பார்த்து உண்மையாகவே பயந்துதான் கத்தினான். கேட்கிறவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அவர்கள் காதில் விழுந்தது பதினொரு கூச்சல், பார்த்தது ஒரு புலி.

அமெரிக்காவின் டார்கெட் பல்பொருள் அங்காடிகளில் 2013 நவம்பர் இறுதியிலிருந்து டிசம்பர் நடு வரை ஏறத்தாழ 4 கோடி வாடிக்கையாளர்களின் கார்டு விவரங்கள் திருடுபோயின. 7 கோடிப் பேரின் சொந்த விவரங்களும் போயின. ப்ளூம்பெர்க் பிசினஸ்வீக் 2014 மார்ச்சில் வெளியிட்ட செய்தியின்படி, கண்காணிப்பு மென்பொருள் தூங்கவில்லை. நவம்பர் 30 அன்றே எச்சரித்திருக்கிறது. அதைத் திரையில் பார்த்தவர்கள் பெங்களூரில் இருந்த குழுவினர். அவர்கள் மினியாபோலிஸில் இருந்த தலைமைப் பாதுகாப்புக் குழுவுக்குத் தகவலும் சொன்னார்கள். அங்கே யாரும் அசையவில்லை. வாரா வாரம் வருகிற ஏராளமான எச்சரிக்கைகளில் அதுவும் ஒன்று, உடனடி நடவடிக்கை தேவையில்லை என்று கருதிவிட்டோம் என்பதுதான் நிறுவனம் பிறகு சொன்ன விளக்கம். சந்தேகமான நிரலைத் தானாகவே அழித்துவிடும் வசதியும் அந்த மென்பொருளில் இருந்தது, அதை அணைத்து வைத்திருந்தார்கள் என்றும் அந்தச் செய்தி சொன்னது.

இதைப் படித்து அவர்களைத் திட்டுவது சுலபம். நானும் இரவுப் பணியில் இப்படிப்பட்ட திரைகளின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு இரவில் வருகிற நூற்றுக்கணக்கான வரிகளில் முதல் பத்தை ஒழுங்காகத் திறந்து பார்ப்போம். எல்லாம் பொய் என்று தெரியும். இருபதாவதில் தலைப்பை மட்டும் பார்ப்போம். ஐம்பதாவதில் மொத்தமாகத் தேர்வு செய்து ‘பார்த்தாயிற்று’ என்று மூடுவோம். சோம்பல் மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன். அந்த மணி நமக்குச் சொல்லித்தந்த பாடம் அது. தானாக அழிக்கும் வசதியை ஏன் அணைப்பார்கள் என்பதும் எனக்குப் புரிகிறது. 2010 ஏப்ரலைப் பார்த்த எவரும் ஸ்கேனரின் கையில் கத்தியைக் கொடுக்க யோசிப்பார்கள். ஒரு பொய் எச்சரிக்கையின் விலை அன்றைக்கே தெரிவதில்லை. வேறொரு நாள், வேறொருவர், உண்மையான எச்சரிக்கையை மூடும்போது தெரிகிறது.

பாடம் கற்றிருக்கிறோமா? மெக்கஃபியில் 2010இல் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரியாக இருந்தவர் ஜார்ஜ் குர்ட்ஸ். மறு வருடம் அவர் வேறு சிலரோடு சேர்ந்து தொடங்கியது க்ரவுட்ஸ்ட்ரைக். 2024 ஜூலை 19 அன்று அந்த நிறுவனம் அனுப்பிய ஒரு சின்னக் கோப்பு, மைக்ரோசாஃப்டின் கணக்குப்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை வீழ்த்தியது. அது பொய் எச்சரிக்கை கிடையாது. நிரல் 21ஆவது தகவலைப் படிக்கப் போனது, அதற்குத் தரப்பட்டிருந்தவை 20தான். இல்லாத இடத்தில் கை வைத்து விழுந்தது. ஆனாலும் இரண்டு சம்பவங்களுக்கும் வேர் ஒன்று. புதிய ஆபத்துக்கு முன்னால் ஓட வேண்டும் என்ற அவசரத்தில், போதுமான சோதனை இல்லாமல், எல்லாக் கணினிக்கும் ஒரே நேரத்தில் அனுப்பினார்கள். இந்திய விமான நிலையங்களில் அன்று கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். அந்தப் புகைப்படங்களை எல்லோரும் சிரித்துக்கொண்டே பகிர்ந்தோம். மறுபடியும் யாரோ மேஜை மேஜையாகப் போய்த்தான் சரிசெய்தார்கள்.

*

நல்ல முயற்சிகள் நடக்காமல் இல்லை. வைரஸ் புல்லட்டின் 1998இலிருந்து தரும் சான்றிதழுக்கு, பரவலில் உள்ள எல்லா வைரஸையும் பிடித்தால் மட்டும் போதாது என்று நெடுங்காலம் விதி இருந்தது. நல்ல கோப்புகளின் தொகுப்பில் ஒன்றைக்கூடத் தப்பாகப் பிடிக்கக் கூடாது என்றும் அந்த விதி சொன்னது. பெரிய மென்பொருள்களைத் தப்பாகப் பிடிப்பது இப்போது வெகுவாகக் குறைந்திருக்கிறது. கோடிக்கணக்கான கணினிகளில் இருக்கும் ஒரு கோப்பு அநேகமாக நல்லதாகத்தான் இருக்கும் என்று ஸ்கேனர்கள் கற்றுக்கொண்டன.

அதன் மறுபக்கத்தைப் பாருங்கள். கோடிக்கணக்கான கணினிகளில் இல்லாத கோப்பு? சைமன்டெக் ஒரு காலத்தில் சில கோப்புகளுக்குச் சூட்டிய பெயரிலேயே ‘ரெப்யூட்டேஷன்’ என்ற சொல் இருந்தது. அவற்றுக்குள் கெட்டது எதுவும் கண்டுபிடிக்கப்பட்டிருக்க வேண்டியதில்லை. போதுமான பேர் பயன்படுத்தவில்லை, போதுமான காலம் ஆகவில்லை, அவ்வளவுதான். விண்டோஸும் இன்று அப்படி ஒரு நீலக்கட்டத்தைக் காட்டுகிறது. பணம் கட்டிச் சான்றிதழ் வாங்கிக் கையெழுத்திட்டால் கொஞ்சம் தேவலை. பத்து பேருக்காகவோ நூறு பேருக்காகவோ இலவசமாக எழுதுகிறவர்கள் என்ன செய்வார்கள்? தமிழ் தட்டச்சுக் கருவிகள், எழுத்துரு மாற்றிகள், பிழைதிருத்திகள் எல்லாம் பெரும்பாலும் இப்படித் தனி ஆட்கள் ராத்திரியில் எழுதியவை. தட்டச்சுக் கருவி என்றால் விசைப்பலகையைக் கவனித்தே ஆக வேண்டும். சின்ன மொழியின் சின்னக் கருவி ஸ்கேனரின் கண்ணுக்கு எப்போதும் முன்பின் தெரியாத ஆள்.

தவறே செய்யாத ஸ்கேனர் சாத்தியமில்லை என்று கோஹன் சொல்லிவிட்டார். அதை ஒப்புக்கொள்கிறேன். நான் கேட்பது வேறு. தவறு நடக்கும்போது அதன் செலவு யார் தலையில் விழுகிறது? பெரிய நிறுவனத்தின் கோப்பைத் தப்பாகப் பிடித்தால் சில மணி நேரத்தில் மன்னிப்பும் திருத்தமும் வருகிறது. ஆள் தெரியாதவனைப் பிடித்தால், அவன் ஒரு படிவத்தை நிரப்பிவிட்டு, ஒவ்வொரு நிறுவனத்தின் வாசலிலும் தனித்தனியாகக் காத்திருக்க வேண்டும். அவனை நம்பிப் பயன்படுத்தியவர் அதற்குள் வேறு முடிவு எடுத்திருப்பார்.

என் பெரியப்பா எடுத்த முடிவு நான் சொல்லி எடுத்தது. ஆன்ட்டி வைரஸ் என் புரோகிராமைத் திரும்பத் திரும்ப அழித்தது. நான் போனில், “அத ஆஃப் பண்ணி வைங்க பெரியப்பா, ஒண்ணும் ஆகாது” என்றேன். அந்த ஒரு கோப்புக்கு மட்டும் விலக்கு கொடுக்கும் வழி அதில் இருந்தது. போனில் விளக்க நேரமாகும் என்று நான் சொல்லவில்லை. மறுநாள் எனக்கு இன்டர்னல் பரீட்சை.

நான்கு மாதம் கழித்து யாரோ கல்யாணப் பத்திரிகைக்குப் போட்டோ கொண்டுவந்த பென் டிரைவில் ஒரு வைரஸ் வந்தது. வட்டில் இருந்த ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிவிட்டன. அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் திரிந்த வகைதான். உண்மையில் அது ஒன்றையும் அழிக்கவில்லை, மறைத்துத்தான் வைத்திருந்தது. ஒரே ஒரு கட்டளையில் திரும்ப எடுத்திருக்கலாம். பெரியப்பா என்னைக் கூப்பிடவில்லை. தெருமுனை சர்வீஸ் பையனைக் கூப்பிட்டார். அவன் வந்து ஃபார்மட் அடித்துவிட்டுப் போனான். பதினொரு வருடத்துப் பத்திரிகை டிசைன்கள், ஊரில் பாதிப் பேரின் கல்யாணம் அதில் இருந்தது.

வைரஸ் பூட்டியதை மருந்து கொளுத்தியது என்று இன்று என்னால் கட்டுரை எழுத முடிகிறது. அன்று அவர் ஏன் என்னைக் கூப்பிடவில்லை என்று கேட்கத் தைரியம் வரவில்லை. அவர் என்னைக் குற்றம் சொல்லவும் இல்லை. ஒரு முறை செம்பாகச் சிவந்த அந்தக் கட்டத்தையும், தப்பா சொல்லுது என்ற என் வார்த்தையையும் வைத்துக்கொண்டு, எது பொய் என்று அவர் தனியாக முடிவுசெய்ய வேண்டியிருந்தது. கடைசியில் இரண்டையுமே நம்பாமல் விட்டுவிட்டார் என்று நினைக்கிறேன்.

கடையைப் போன வருடம் மூடிவிட்டார். கையில் இப்போது ஸ்மார்ட்போன். அவ்வப்போது ஏதாவது ஒரு எச்சரிக்கை வந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்புவார். பின்னாலேயே போன் வரும்.

“இது நெசமாவே சொல்லுதாடே, இல்ல அன்னைக்கு மாதிரியா?”

உற்றுப் பார்க்கிறேன். பாதி நேரம் எனக்கும் தெரிவதில்லை. “ஒரு நிமிஷம் இருங்க பெரியப்பா, பாத்துட்டுச் சொல்றேன்” என்கிறேன். இப்போதெல்லாம் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.